மேலே குளிரும் என்றார்கள்

குளிரும் என்று சொன்னவர்கள் யாரும் எடுத்ததும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. என் நல்லதுக்குச் சொல்வதாகத்தான் சொன்னார்கள். அந்த உயரத்தில் ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும், இந்த வயதில் நெஞ்சில் சளி கட்டினால் யார் பார்ப்பது, விரல் விறைத்துப்போகும், காது அடைத்துக்கொள்ளும். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எதிர்த்துப் பேசிப் பழகாதவள். ஆனால் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நெஞ்சுக்கு என்ன போடுவது, விரலுக்கு என்ன, காதுக்கு என்ன. குளிர்தானே, அதற்குத் துணி இருக்கிறது.

அப்போது எனக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பழைய கட்டடத்தில், பெண்கள் சேர்ந்து தங்குகிற ரூமில் எனக்கு ஒரு கட்டில். வேலை, வடக்கே போகிற ரோட்டில், கடலுக்கும் மணலுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன விமான ஓடுதளத்தில். விமானத்தில் மேலே போய் பாராசூட்டோடு குதிக்கிறவர்களின் கிளப் அது. கோடையில் அங்கே ஈ காக்காய் இருக்காது. வெயில் இறங்கி, விடியற்காலையில் கார் கண்ணாடியில் பனி பிடிக்க ஆரம்பித்ததும் கூட்டம் வந்துவிடும். டீ போடுவது, கூட்டுவது, அவர்கள் குதிக்கும்போது போடுகிற உடுப்பைத் துவைப்பது, கிழிந்தால் தைப்பது, இதெல்லாம் என் டூட்டி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாக, முன்னால் ஜிப் வைத்த உடுப்பு. ஜம்ப் சூட் என்பார்கள். கொடியில் வரிசையாகக் காயப் போட்டால் தலை இல்லாத ஆட்கள் தொங்குகிற மாதிரி இருக்கும். முதல் வாரம் அதைப் பார்த்து நானே பயந்திருக்கிறேன்.

குதித்துவிட்டு வருகிறவர்களுக்கு நான்தான் டீ கொடுப்பேன். போகும்போது ஒரு முகமாகவும் வரும்போது வேறு முகமாகவும் இருக்கும். பேங்கில் பெரிய வேலை பார்க்கிற ஒருவர் வருவார். யாரிடமும் பேச மாட்டார். அவரே கீழே வந்ததும் மூக்கு ஒழுக, கண்ணில் தண்ணீர் வழிய, என் கையிலிருந்து கப்பை வாங்கிக்கொண்டு காரணம் இல்லாமல் சிரிப்பார். மேலே எவ்வளவு குளிர் என்று அந்த மூக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கூடவே அந்தச் சிரிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது வேண்டும் என்று இருந்தது. கல்யாணம் கட்டியது, பிள்ளை பெற்றது, வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்தபின் இந்த நாட்டுக்கு வந்தது எல்லாம் மற்றவர்கள் முடிவு செய்து நான் செய்த காரியங்கள். வேண்டும் என்று நானாக ஒன்றை நினைத்தது எனக்கே புதுசாக இருந்தது.

அந்த கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலம் முடிகிற நேரத்தில், வேலை செய்கிறவர்களில் ஆசைப்பட்டவர்களை ஒருமுறை மேலே கூட்டிப்போவார்கள். தனியாகத் தள்ளிவிட மாட்டார்கள். பயிற்சி கொடுக்கிற ஆளின் நெஞ்சோடு நம் முதுகைச் சேர்த்துக் கட்டி, இரண்டு பேரும் ஒன்றாகக் குதிக்க வேண்டும். டிரைவர் போனார், வாட்ச்மேன் போனார், சமையல்காரர் போய்விட்டு வந்து மூன்று நாள் அதையே பேசினார். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு கேக் துண்டைத் தட்டில் வைத்துத் தருவார்கள். இரண்டு வருஷம் அந்தக் கேக்கைத் தின்றேன். மூன்றாவது வருஷம் மேனேஜர் தட்டை நீட்டியபோது வாங்காமல் நின்று, எனக்குத் தெரிந்த இந்தியில், "மை பீ, சார்" என்றேன். நானும் போகிறேன் என்று அர்த்தம்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். வயது ஆகிவிட்டது, மேலே கடும் குளிர், முதலில் டாக்டரிடம் காட்டு, அப்புறம் உன் மகன் என்ன சொல்கிறான் என்று கேட்டு வா என்றார். டாக்டர் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்து, பிரஷர் என்னுடையதைவிட உனக்கு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். மகன்தான் மிச்சம்.

மகன் சவுதியில், ஜுபைலில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் இருந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கேம்பிலிருந்து போன் போடுவான். அந்த வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன்.

"எம்மா, ஒனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? இங்க தரையில நிக்கும்போதே காது விறைக்கு."

காதுக்குக் குல்லா வாங்கிக்கொள்வேன் என்றேன். நெஞ்சில் குளிர் இறங்கும் என்றான். உள்சட்டை போடுவேன் என்றேன். கை? உறை இருக்கிறது. கால்? கம்பளிக் காலுறை. அவன் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க நான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தேன். கடைசியில் மூட வேண்டிய இடம் எதுவும் மிச்சமில்லை. அவன் கேள்வியை மாற்றினான்.

"சேலையோடயா குதிப்ப?"

"சேலையோட எப்படிக் குதிக்க? பேன்ட்டுதான்."

"வெள்ளக்காரன் ஒருத்தன் கூடக் கட்டிக்கிட்டுப் போவியோ?"

"கட்டாம விட்டா விழுந்துருவேன்லா."

அவன் சிரிக்கவில்லை. இத்தனை நேரம் பேசியது குளிரைப் பற்றி இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரில் தெரிந்தால் என்ன பேசுவார்கள், யாராவது போட்டோ பிடித்து அனுப்பினால் என்ன ஆகும் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

"கேம்ப்ல நான் எப்படித் தலை நிமிந்து நடக்க?"

"நீ தலை நிமிந்து நடக்கதுக்கு நான் தரையிலயே கெடக்கணுமோ?"

என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். நான் உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன் என்றும் சொன்னேன். போனால் இனி உன்னிடம் பேச்சில்லை என்று வைத்துவிட்டான்.  ரிசீவரை அதன் இடத்தில் வைத்தேன். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. வாரம் முழுக்க நான் காத்திருப்பது அந்த ஒரு போனுக்குத்தான். அதையும் வைத்துத்தான் யோசித்தேன். யோசித்தபின்னும் ஆசை அதே இடத்தில் இருந்தது.

மறுநாள் மேனேஜர், மகன் என்ன சொன்னான் என்று கேட்டார். போகாதே என்றான், நான் போவேன் என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை காலை என்றார்.

ரூமில் என் பக்கத்துக் கட்டில்காரி ஒரு கிளினிக்கில் ஆயா வேலை பார்த்தாள். கன்னியாகுமரிப் பக்கம், கடற்கரைக்காரி. இங்கே வருவதற்கு முன் குவைத்தில், மங்காஃபில் சில வருஷம் இருந்தவள். அங்கே குளிர்காலத்தில் எலும்புக்குள் காற்று போகுமாம். பெட்டியின் அடியிலிருந்து உடம்போடு ஒட்டுகிற கம்பளி உள்சட்டையும், அதே துணியில் கால்சட்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

"எக்கா, இது மங்காஃப்ல எனக்க உயிரக் காப்பாத்தின சட்டயாக்கும். கிழிச்சிராதிங்க."

கால்சட்டையைப் போட்டு அவள் முன்னால் நிற்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கட்டில் விரிப்பை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் நின்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு பேன்ட் போதாது, காற்று போகாத துணியில் மேலே இன்னொன்று போட வேண்டும் என்றாள். ரோலாவில் பழைய உடுப்பு விற்கிற கடையில், ஆம்பிளைகள் மழைக்குப் போடுகிற மாதிரி வழுவழுவென்று ஒரு பேன்ட் கிடைத்தது. கடைக்காரர் மகனுக்கா என்று கேட்டார். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டி வாங்கி வந்துவிட்டேன். மங்கி கேப் ஒன்றும் வாங்கினேன், முகம் மட்டும் தெரிய, மற்றதெல்லாம் மூடுகிற குல்லா. நம் ஊர் ஆட்கள் டிசம்பர் மாதம் ரயிலில் ஏறும்போது தலையில் மாட்டிக்கொள்வார்களே, அதுதான்.

இவ்வளவும் சேர்த்தபின் யாரிடமும் சொல்லாமல் இன்னொன்றும் செய்தேன். பிள்ளை பெற்றவளுக்கு நம் பக்கத்தில் வயிற்றைச் சுற்றிப் பழைய சேலையை இறுக்கிக் கட்டுவார்கள். காற்று புகாது, இடுப்புக்குப் பலம் என்பார்கள். எனக்குக் கட்டிவிட்டதும் நினைவிருக்கிறது. அதே மாதிரி, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன ஒரு நூல் சேலையை, உள்சட்டைக்கு மேலே நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து இடுப்பு வரை சுற்றிக் கட்டினேன். குளிருக்குத்தான் கட்டினேன். ஆனால் அது மட்டும் இல்லை. யாராவது கேட்டால் சேலை கட்டித்தான் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதையும் நினைத்துத்தான் கட்டினேன்.

சனிக்கிழமை விடியும் முன்னே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டேன். நெஞ்சில் தைலம் தேய்த்து, காதில் பஞ்சு வைத்து, உள்சட்டை, சேலை, இரண்டு பேன்ட், மேலே ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், தலையில் குல்லா. கிளப் வேன் வந்து ஏற்றிக்கொண்டது. வேனில் இருந்த ஆட்களுக்கு நான் யார் என்றே தெரியவில்லை. டிரைவர்தான் கண்ணைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்து, எந்த மலைக்குப் போறீங்க என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது சூரியன் ஏறிவிட்டது. கீழே குளிர் எங்கே இருக்கிறது? நமக்குக் குளிர்காலம் என்பதே மத்தியானம் ஃபேன் போடாமல் இருக்கிற காலம்தானே. முதுகில் வேர்வை வாய்க்காலாக ஓடியது.

பாராசூட் மடிக்கிறவர் ராமநாதபுரத்துக்காரர். நாற்பது தாண்டியவர், தரையில் மண்டிபோட்டு பட்டு மாதிரியான அந்தத் துணியை மடித்து மடித்து முழங்கால் தேய்ந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அக்கா, கீழயே இப்படி வேர்த்தா மேல போயி அந்த வேர்வையே ஐஸாயிரும். விமானம் ஏறுற நேரத்துக்குத்தான் எல்லாத்தையும் போடணும். வண்டில வரும்போதேவா போடுவாக?"

மஃப்ளர் கூடாது, காற்றில் பறந்து கழுத்தைச் சுற்றும் என்று அதை வாங்கிக்கொண்டார். காதுப் பஞ்சும் கூடாது, விமானம் ஏறி இறங்கும்போது காது அடைக்கும், சொல்வதும் கேட்காது. வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளைக் கழற்றச் சொன்னார். குல்லாவை நான் தர மாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். அது இருக்கட்டும், தலையோடு ஒட்டித்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். ஜம்ப் சூட்டை மாட்டி ஜிப்பை இழுத்தேன். நான் துவைத்த உடுப்புக்குள் நானே இருந்தேன். தைலமும் வேர்வையும் சேர்ந்து ஒரு வாடை அடித்தது.

பயிற்சி கொடுக்கிறவர் வந்தார். உயரமான வெள்ளைக்காரர், வயது என் மகன் அளவுக்கு இருக்கும். இந்தியும் அரபியும் கலந்து நாலு வார்த்தை பேசுவார். என் தோளிலும் தொடையிலும் பட்டைகளை மாட்டி, இடுப்புப் பட்டையை இழுத்தார். முதலில் இறுகியது. என்னைக் குனிந்து நிமிரச் சொல்லி மறுபடி இழுத்தார். இப்போது பட்டைக்கும் எனக்கும் நடுவில் அவர் கையே போனது. இன்னும் இழுத்தார், மறுபடி தளர்ந்தது. உள்ளே சேலைச் சுற்று நகர்ந்து நகர்ந்து ஒரு பக்கம் மூட்டையாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் ஜம்ப் சூட்டின் மேலாக அந்த மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, தைலம் மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட்டு, "மாஃபி" என்றார். முடியாது என்று. அது உள்ளே இருந்தால் பட்டை மேலே தளர்ந்துவிடும், அதை எடு, இல்லாவிட்டால் போக முடியாது என்று மடிக்கிறவர் தமிழில் சொன்னார். என்ன அது என்று அவர் கேட்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பட்டைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துணி துவைக்கிற ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே நின்ற நேரத்தை மறக்க முடியாது. வெளியே விமானம் எஞ்சினைப் போட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தது. சேலையை எடுத்தால் என் உடம்பில் இருப்பது பேன்ட் மட்டும்தான். அதோடு இத்தனை ஆம்பிளைகள் முன்னால் நடந்து போய், ஒருவரின் நெஞ்சில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மகனிடம் குளிராக இருந்தது, போகவில்லை என்று சொல்லலாம். அவன் சந்தோஷப்படுவான். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேக் தருவார்கள்.

ஜிப்பை இறக்கி, முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, சேலையை உருவிப் போட்டேன். வாஷிங் மெஷின் மேல் ஈரமாகக் குவிந்து கிடந்தது. உள்சட்டையையும் கழற்றித் துண்டால் உடம்பைத் துடைத்தேன். கதவைத் தட்டி மடிக்கிறவர், தன் கம்பளி பனியனைக் கை மட்டும் உள்ளே விட்டு நீட்டினார்.

"சங்கடப்படாதீக அக்கா, இது நான் துவைச்சதில்ல. நீங்க துவைச்சதுதான்."

அதைப் போட்டு, மேலே ஸ்வெட்டர், மேலே ஜம்ப் சூட். உடம்பு லேசாகிவிட்டது. வெளியே வந்து நடந்தேன். யாரும் பார்த்தார்களா என்று தெரியாது, நான் அவர்களைப் பார்த்தால்தானே தெரியும். நேராக விமானத்தைப் பார்த்து நடந்தேன். இந்த முறை பட்டை ஒரே இழுப்பில் நின்றது.

விமானத்துக்குள் சீட் கிடையாது, தரையில்தான் உட்கார வேண்டும். கீழே கடல் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம், நடுவில் ரோடு கோடு போட்ட மாதிரி. ஏற ஏற விரல் நுனியிலிருந்து குளிர் வந்தது. உறைக்குள் விரல்களை மடக்கி மடக்கி விரித்தேன். பிறகு மூக்கு. பிறகு முழங்கால். பயிற்சி கொடுக்கிறவர் என் முதுகோடு தன்னைச் சேர்த்துக் கொக்கிகளை மாட்டினார். நான் பயந்த கூச்சம் எல்லாம் அந்த இடத்தில் வரவில்லை. முதுகில் காற்று படவில்லை, அவ்வளவுதான் தோன்றியது. பின்னால் ஒரு சுவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கதவைத் திறந்தார்கள். அடேயப்பா, அதுதான் குளிர். கீழே சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்த கொஞ்ச இடத்தையும் கத்தியால் வழித்த மாதிரி இருந்தது. பல் தானாக அடித்துக்கொண்டது. அவர் என் காதருகே "டீக் ஹை?" என்று கேட்டார். சரியா என்று கேட்கிறார். இப்போதுகூட வேண்டாம் என்றால் விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். "டீக் ஹை" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

விழுந்ததை என்னவென்று சொல்ல? கன்னத்துச் சதை காதுக்குப் போனது. மூச்சை இழுக்கிறேனா விடுகிறேனா தெரியவில்லை. குளிர் நாலு பக்கமும் அடித்தது. பனியனும் ஸ்வெட்டரும் இரண்டு பேன்ட்டும் போட்ட இடத்தில் அதனால் உள்ளே வர முடியவில்லை. கழுத்தில் மட்டும் குல்லாவின் ஓரத்தைத் தூக்கி நுழையப் பார்த்தது. போடா என்று சொல்லிக்கொண்டேன். நிஜமாகவே வாய்விட்டுச் சொன்னேன். யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அந்த இடத்தில் கேட்க ஆள் இல்லை, அதனால் இன்னொரு தடவையும் சொன்னேன்.

பாராசூட் விரிந்து மேலே இழுத்ததும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. இறங்க இறங்கக் காற்று இளஞ்சூடாக ஆனது. மணலில் காலை நீட்டி உட்கார்ந்த மாதிரியே இறங்கினோம். மூக்கு ஒழுகியது, கண்ணில் தண்ணீர். மடிக்கிறவர் ஓடி வந்து டீயை நீட்டினார். அன்றைக்கு மட்டும் டீயை வேறு யாரோ போட்டிருந்தார்கள், சர்க்கரை கூடுதல். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

குதிப்பதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வராது என்று நினைத்தேன். இருந்தும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரம் தாண்டி ரொம்ப நேரம் கழித்து அடித்தது.

"போனியா?"

"போனேன்."

"பேன்ட்டு போட்டியா?"

"ரெண்டு. ஒண்ணு மேல ஒண்ணு."

  மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சமாதானம் சொல்லவும் இல்லை. அவன் வைத்துவிட்டால் வைக்கட்டும் என்றுதான் இருந்தேன். பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவன் போகவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலே ரொம்பக் குளிரோ என்று கேட்டான்.

"லீவு கெடைச்சா இந்தப் பக்கம் வா," என்றேன். "நீயே போயிப் பாத்துட்டுச் சொல்லு."